முன்வாசலில் இறங்கினால் அடுப்படி

எஃப் கார்டு வராத ஆத்திரத்தில் கிட்டாரைக் கட்டிலில் போட்டுவிட்டு, இனி இந்தச் சனியனைத் தொட்டால் என் பெயர் ஜெனோவா இல்லை என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கிற அம்மா வீட்டில் போய் ஒரு வாய் காப்பி குடித்தால் மனசு ஆறும் என்று முன்வாசல் படியில் காலை வைத்தேன். வைத்த கால் எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்தது. மணல் இருக்க வேண்டிய இடத்தில் சிமெண்டுத் தரை இருந்தது, எதிர்வீட்டுப் பூவரச மரம் நிற்க வேண்டிய இடத்தில் கேஸ் சிலிண்டர் நின்றது, காலையில் நான் மூட மறந்த உப்பு ஜாடி திறந்த வாயோடு என்னைப் பார்த்தது. உப்பை மூடினேன். ஏதோ யோசனையில் பின்பக்கமாகச் சுற்றி வந்துவிட்டோம் போல என்று மறுபடி நடுவீட்டைக் கடந்து முன்வாசலால் போனேன், அடுப்படிக்குள் வந்தேன். பின்வாசலால் போய்ப் பார்த்தேன், முன்வாசலால் உள்ளே வந்தேன். அடுப்பில் சாளை மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் அதற்கு மேல் சுற்றிக்கொண்டிருக்க நேரமில்லை. தீயைக் குறைத்துவிட்டு அரிசியைக் களைந்தேன்.

அந்தக் கிட்டார் என் கொழுந்தன் ரோமால்டுடையது. கோயில் பாடகர் குழுவில் அவன்தான் வாசித்துக்கொண்டிருந்தான். குவைத்துக்கு ஏசி வேலைக்குப் போகும்போது இதை எங்கள் வீட்டு பீரோ மேல் வைத்துவிட்டுப் போனான். கோயிலில் இருந்த கீபோர்டு உப்புக் காற்றில் துருப்பிடித்து, எந்தக் கட்டையை அழுத்தினாலும் ஒரே சத்தமாகத் தும்மிக்கொண்டிருந்தது. வருகிற புதுநன்மைக்கு யார் வாசிப்பது என்று பாடகர் குழுவில் கேட்டபோது எல்லோரும் காலண்டரைப் பார்த்தார்கள், நான் கையைத் தூக்கினேன். பூசையில் சாமியார் கையால் முதன்முதல் நன்மை அப்பம் வாங்கப்போகிற பிள்ளைகளில் என் மகள் அக்சிலியாவும் ஒருத்தி. எனக்கு இரண்டு கை இருக்கு, அதுக்கு ஒரு கழுத்து இருக்கு, பிடிச்சாப் போச்சு என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ரோமால்டு குவைத்திலிருந்து போனில் முகத்தைக் காட்டி, விரலைக் காட்டி, சொல்லிக்கொடுத்தான். சி கார்டு சொன்னபடி கேட்டது. ஜி கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வந்தது. எஃப் மட்டும் வரவே இல்லை. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கப்போட்டு, ஒரு கம்பிகூடத் தப்பாமல் அழுத்தி, மற்ற விரல்களை வேறு மூன்று இடத்தில் நிறுத்த வேண்டும். வலையைக் கட்டி இழுக்கிற கையாக இருந்தாலும் அந்த ஒற்றை விரலுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வரும். நான் அழுத்தி அடித்தால் ஈரப் பலகையில் தட்டுகிற மாதிரி டொக் என்று ஒரு சத்தம் வரும். “மைனி, கை வலிச்சாத்தான் வரும்” என்பான் ரோமால்டு. கை வலித்தது, அது மட்டும் வந்தது.

டொக் என்றதும் நான் நிறுத்திவிட்டுப் புதுநன்மைப் பாட்டை முதலில் இருந்து தொடங்குவேன். அது எங்கள் ஊர் வழக்கம். எங்கள் ஊரில் ஜெபமாலையில் ஒரு மணி தப்பிவிட்டால் விட்ட இடத்தில் தொடரக்கூடாது, முதல் மணிக்குப் போக வேண்டும். கலியாணப் பாட்டில் ஒரு அடி மறந்துவிட்டால் பெண்ணும் மாப்பிள்ளையும் மறுபடி எழுந்து நிற்க வேண்டும். பிள்ளைகள் ஜெப மந்திரம் ஒப்பிக்கும்போது ஒரு வார்த்தை வழுக்கினால் உபதேசியார் கஸ்பார் வலது கையைத் தூக்குவார், தூக்கினால் மூச்சை இழுத்துக்கொண்டு முதல் வார்த்தை. பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பதும் பாட்டுக்குக் கை அசைப்பதும் அவர்தான். தப்போடு முன்னே போகிறவன் தப்பையும் கூட்டிக்கொண்டு போகிறான் என்பது அவருடைய பேச்சு. அவர் கைக்குப் பயந்து வளர்ந்த ஊர் நாங்கள். அதனால் அந்தப் பாட்டின் முதல் இரண்டு வரியை நான் கடலில் அலை எத்தனை உண்டோ அத்தனை தடவை வாசித்திருப்பேன்; மூன்றாவது வரி என் கையில் எப்படிக் கேட்கும் என்று எனக்கே தெரியாது.

என் வீட்டுக்காரர் சிலுவை மத்தியானம் கடலில் இருந்து வந்தார். சோறு போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் சாப்பிட்டு, கை கழுவி, துண்டில் துடைத்துவிட்டு, “வா, பாப்போம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு முன்வாசலில் இறங்கினார்; இரண்டு பேரும் அடுப்படியில் போய் நின்றோம். அவர் தனியாக இறங்கினார், தெருவில் நின்றார். என் விரல் நுனியைத் தொட்டுக்கொண்டு இறங்கினார், அடுப்படியில் நின்றார். என்னைத் தொட்டவர்களுக்கும் அதுதான் வழி என்று அப்போது தெரிந்தது. கூரைத் தகடு ஒன்றைக் கழற்றி, ஏணி வைத்து, என்னை மேலே ஏற்றினார். தலையை வெளியே நீட்டினேன், கட்டிலுக்கு அடியில் இருந்து நீட்டினேன். அங்கே போன மாதம் தொலைந்த என் சீப்பு கிடந்தது. “சரி, சீப்பு கிடைச்சுல்லா” என்றார் சிலுவை.

பக்கத்து வீட்டுப் பனிமேரி அக்கா வந்து வாசலைக் குனிந்து பார்த்து, நிலையைத் தட்டிப் பார்த்து, கிட்டாரைக் கீழே போட்டியா, என்ன சொல்லிப் போட்ட என்று விசாரித்தாள். சொன்னேன். “பெறகென்ன, தொடங்கினதை முடிக்காம விடாதுபோல” என்று சொல்லிவிட்டு, அவள் வந்த வேலையான கறிவேப்பிலையைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள். ஊருக்கு அந்தக் காரணமே போதுமாக இருந்தது. கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், என் கையைப் பிடித்துக்கொண்டு அவரும் ஒருமுறை அடுப்படிக்கு வந்து பார்த்தார், வந்ததுதான் வந்தோம் என்று காப்பி குடித்துவிட்டு, படுத்த படுக்கையான ஆட்களுக்கு வீட்டுக்கே நன்மை கொண்டுபோகிறோமே, அந்த வரிசையில் உன்னையும் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கால் இரண்டும் நன்றாக இருந்தது, ஆனாலும் ஞாயிறுதோறும் நான் படுக்கையான ஆள்.

இப்படித்தான் ஊர் அதைப் பழகிக்கொண்டது. மகளிர் குழுக் கூட்டம் எங்கள் நடுவீட்டுக்கு வந்தது. வளையல்காரர் ஜன்னலுக்கு வந்தார், ரேஷன் கடைக்காரர் கைரேகை வைக்கிற மிஷினை சைக்கிளில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்தார், தையல்காரி ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு அளவெடுத்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் தெருப்பிள்ளைகள் எல்லாம் வந்து, “எக்கா, ஒரு ரவுண்டு” என்று கையை நீட்டும். ஒன்றன் கையை ஒன்று பிடித்துச் சங்கிலியாக நிற்கும், நான் முன்வாசலால் போவேன், அத்தனையும் அடுப்படிக்குள் வந்து விழுந்து சிரிக்கும். வெளியே நிற்கிற கடைசிப் பிள்ளைவரை உள்ளே வந்துவிடும். கை கோத்தால் போதும். நானும் சிரிப்பேன். அவை போன பிறகு அடுப்படியில் அவற்றின் காலில் ஒட்டிவந்த மணலைப் பெருக்குவேன். பெருக்கிய மணலை வாரிக் கொட்ட மனசு வராமல் கொஞ்ச நேரம் அதன்மேல் நின்று பார்ப்பேன்.

கடற்கரையிலும் இதே பேச்சுதான். வள்ளம் கரைக்கு வந்தால் மீன்பாடு உண்டா என்று கேட்பது எங்கள் ஊரில் வழக்கம், இப்போது எங்கள் ஜன்னலைக் கடக்கிற ஆம்பிளைகள் எல்லாரும், “ஏ ஜெனோவா, எஃப் பாடு உண்டா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இல்லேண்ணே, இன்னைக்கும் வெறும் வலைதான் என்பேன். விரல் காய்ப்புக்கு மீனெண்ணெய் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தார் ஒருத்தர். எஃப் என்றால் ஒரு மீன் என்றே சின்னப் பிள்ளைகள் சிலது நம்பிவிட்டன.

நான் வாசித்தேன். விடிந்ததும் வாசித்தேன், உலை வைத்துவிட்டு வாசித்தேன், துணி நனைத்துவிட்டு வாசித்தேன். சி, ஜி, சி, டொக். முதலில் இருந்து. சி, ஜி, சி, டொக். முதலில் இருந்து. நிறுத்துவேன், எழுந்திருப்பேன், முன்வாசலால் போவேன், அடுப்படிக்குள் வருவேன். விரல் நுனி புண்ணாகி, தோல் உரிந்து, காய்த்து, காய்ப்பும் உரிந்தது. பாத்திரம் தேய்க்கும்போது சோப்பு அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு எரியும். ஒரு கம்பி அறுந்தது. சிலுவை அந்த இடத்தில் தூண்டிலுக்குப் போடுகிற தங்கூசி நரம்பைக் கட்டிக்கொடுத்தார். மற்ற ஐந்து கம்பியும் துருப்பிடித்து அழுதன, அது மட்டும் புதுப்பெண் மாதிரி முனகியது.

தவக்காலம் முடிந்தது. குருத்தோலையை ஜன்னல் வழியாக வாங்கினேன். உயிர்ப்பு ஞாயிறு மணியை அடுப்படியில் நின்று கேட்டேன். ஒரு கூட்டத்தன்று, பெண்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, எனக்கு மூச்சு முட்டுது, தெருவுல கால் வச்சு எத்தனை நாளாச்சு என்று சொல்லிவிட்டேன். பனிமேரி அக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்.

“கலியாணம் ஆன நாள்ல இருந்து நானும் இப்படித்தானட்டி போய்ட்டு வாரேன். எனக்குக் கதவு தொறந்துதான் கெடக்கு.”

எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். நான்தான் வழக்கமாக முதலில் சிரிப்பேன். அன்றைக்கு என் வாய் திறந்தது, சத்தம் டொக் என்றுதான் வந்தது.

அதற்கு அடுத்த வாரம் புதுநன்மை ஏற்பாடுகளைப் பேச வந்தார்கள். எங்கள் ஊரில் புதுநன்மைக்குப் போகிற பிள்ளை தன் வீட்டு வாசலில் வெள்ளை உடுப்போடு மெழுகுதிரியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும். கீழக்கடைசி வீட்டில் இருந்து ஒரு சங்கிலி புறப்படும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்தப் பிள்ளையின் தாய் திரியைப் பற்றவைத்து, பிள்ளையின் கையைப் பிடித்துச் சங்கிலியில் சேர்வாள். பாட்டோடு கோயில் வாசல்வரை கை விடாமல் போக வேண்டும். தாய்தான் பற்றவைக்க வேண்டும், தாய்தான் கூட நடக்க வேண்டும். அக்சிலியா பிறந்த அன்றைக்கே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து, அந்த நடைக்கு எந்தச் சேலை கட்டலாம் என்று யோசித்தவள் நான். வந்தவர்கள் அதையெல்லாம் எனக்கு முன்பே முடிவு செய்துவிட்டு வந்திருந்தார்கள். பனிமேரி அக்கா என் இடத்தில் நடப்பாள். ரேடியோ செட்காரர் என் வாசலுக்குள் ஒரு மைக்கை நிறுத்தி, தெருமுழுக்க வயர் இழுத்து, கோயில் ஸ்பீக்கரில் கொடுத்துவிடுவார். நான் வீட்டுக்குள்ளே இருந்தே வாசிக்கலாம். “ஒனக்கும் அலைச்சல் இல்ல” என்றார் உபதேசியார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. இனி நான் வெளியே வருவதற்கான தேவையே ஊரில் யாருக்கும் இல்லை. எல்லாவற்றுக்கும் வயர் இழுத்துவிட்டார்கள்.

அவர்கள் போனதும் கிட்டாரை பீரோ மேல் ஏற்றினேன். சத்தியம் ஒன்றும் செய்யவில்லை, சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் வைத்தேன். அடுப்படிக்குப் போய் உலை வைத்துவிட்டு நடுவீட்டுக்கு வர எட்டு வைத்தேன், அடுப்படியில் இருந்தேன். மறுபடி வைத்தேன். அடுப்படி. வீடு அவ்வளவுக்குச் சுருங்கியிருந்தது. அடுப்பு, சிலிண்டர், அம்மி, தண்ணீர்க் குடம், உப்பு ஜாடி, நான். சிலுவை பாயை அடுப்படி நடைக்குக் கொண்டுவந்து போட்டார். ஊர்க்காரர்கள் முன் ஜன்னலுக்கு வராமல் அடுப்படி ஜன்னலுக்கு வரப் பழகினார்கள். அதுவும் ஒரு வாரத்தில் பழகிவிட்டது அவர்களுக்கு. எனக்கும் பழகியிருக்கும், அந்தப் பயம்தான் எனக்கு இருந்தது.

அக்சிலியாவுக்கு அந்த நாட்களில் அவளுடைய கஷ்டம். நம்பிக்கை அறிக்கை என்கிற ஜெபத்தைப் பிழையில்லாமல் ஒப்பித்தால்தான் புதுநன்மை. அவள் கடகடவென்று போவாள், பிலாத்து பெயர் வருகிற இடத்தில் நாக்கு மடங்கும், உபதேசியார் கை தூக்குவார், முதலில் இருந்து தொடங்குவாள், பிலாத்து வருவான், நாக்கு மடங்கும். தினமும் அழுதுகொண்டே வருவாள். காசு சேர்த்துத் தைத்த வெள்ளைக் கவுன் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் சாயங்காலம் குதித்துக்கொண்டு வந்து, நான் பாஸ் என்றாள். எப்படி மக்கா என்று கேட்டேன்.

“அந்த எடம் வாரப்ப அவுக தும்மினாக. நான் அதை விட்டுட்டு அங்கிட்டுப் போய்ட்டேன்.”

“தப்புல்லா அது.”

“தப்புதான்” என்றாள். “ஆனா அங்கிட்டு எல்லாம் எனக்கு நல்லாத் தெரியும்மா. அங்கிட்டுப் போகத்தான் விட மாட்டேங்காக.”

அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அடுப்பில் பால் பொங்கியது, அதை இறக்குவதற்குள் என்ன திட்ட நினைத்தேன் என்று மறந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் நடுவீட்டில் ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது. அவளைவிட உயரமான கிட்டாரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு, நிலையில் இடித்து, சிலிண்டரில் இடித்து, அடுப்படிக்குள் கொண்டுவந்து என் மடியில் சாய்த்தாள். கைப்பிள்ளையைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வோமே, அப்படி வாங்கிக்கொண்டேன். அம்மிமேல் உட்கார்ந்து வாசித்தேன். சி, ஜி, சி, டொக். முதலில் இருந்து. மறுநாள் எனக்கு நடுவீடு கிடைத்தது. அதற்கு மேல் கிடைக்கவில்லை.

புதுநன்மை ஞாயிறும் வந்தது. பூசைக்குப் பிறகு விருந்துச் சோறு என்பதால், பிரியாணிக்கு இறைச்சியை வேகவைத்து அடுப்பில் சிம்மில் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் யோசித்துவைத்த அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டேன். யார் பார்க்கிறார்கள் என்று தோன்றியது, ஆனாலும் கட்டிக்கொண்டேன். சிலுவை வலைக்கயிற்றில் திரித்துக்கொடுத்த வாரைக் கிட்டாரில் மாட்டி, தோளில் போட்டு, வாசல் நிலைக்குள்ளே ஸ்டூலில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் மைக். மைக்குக்கு அந்தப் பக்கம் படி, படியில் என் மகள், வெள்ளைக் கவுனும் முக்காடுமாக, கையில் திரியோடு. அவள் பக்கத்தில் பனிமேரி அக்கா பட்டுச்சேலையில் நின்றாள். கை நீட்டினால் தொடுகிற தூரம். திரியை மட்டும் நிலையைத் தாண்டி உள்ளே நீட்டச் சொல்லி நானே பற்றவைத்தேன், அதற்குப் பனிமேரி அக்கா சம்மதித்தாள்.

கீழக்கடைசியில் உபதேசியார் கையசைத்தார். நான் தொடங்கினேன். சி, ஜி, சி, டொக். அந்த டொக் ஊரில் இருந்த எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது, கோயில் கோபுரத்தில் பட்டுத் திரும்பி வந்தும் ஒருமுறை கேட்டது. நான் நிறுத்தினேன். உபதேசியார் கையைத் தூக்கினார். நாலு வீடு நடந்திருந்த சங்கிலி திரும்பி, கீழக்கடைசி வீட்டுக்குப் போய் நின்றது. மறுபடி தொடங்கினேன், மறுபடி டொக், மறுபடி சங்கிலி திரும்பியது. வெயில் ஏறியது. பிள்ளைகளின் நெற்றியில் பவுடர் வழிந்தது, ஒரு பிள்ளை உட்கார்ந்துவிட்டது, தாய்மார்கள் முந்தானையால் விசிறினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. சங்கிலி போனது, சங்கிலி திரும்பியது, கடலுக்குப் போய்த் திரும்புகிற அலை மாதிரி அது இயல்பாகப் போய்த் திரும்பியது. சாயங்காலம்வரை வேண்டுமானாலும் போய்த் திரும்பியிருப்பார்கள், நாளைக்கும் வருவார்கள். இவ்வளவு நாள் வீட்டுக்குள் நான் மட்டும்தான் சுற்றிக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன்.

அக்சிலியாவின் திரி பாதிக்கு மேல் உருகி, மெழுகு அவள் கையில் சொட்டியது. அவள் கையை உதறவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

“நிப்பாட்டாதம்மா” என்றாள். “அங்கிட்டுப் போ.”

சி அடித்தேன், ஜி அடித்தேன், சி அடித்தேன். விரலைப் படுக்கப்போட்டேன். டொக் என்றது. தூரத்தில் உபதேசியாரின் கை ஏறுவது தெரிந்தது. என் கையும் பழக்கத்தில் கம்பியை விட்டு எழுந்தது. எழுந்த கையை அப்படியே அடுத்த கார்டில் கொண்டுபோய் வைத்தேன்.

மூன்றாவது வரி வந்தது. அது என்னிடம்தான் இருந்தது. நாலாவது வரியும் இருந்தது. இத்தனை மாதமும் எனக்குத் தெரியாமல் என் விரலுக்குள்ளே உட்கார்ந்திருந்து, கூப்பிட்டதும் வருகிற பிள்ளைகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வந்தன. பாட்டு போய்க்கொண்டிருந்ததால் பிள்ளைகள் பாடினார்கள், பாடினதால் கால் நடந்தது, உபதேசியாருடைய தூக்கிய கை என்ன செய்வது என்று தெரியாமல் ஆகாயத்தில் நிற்க, சங்கிலி அவரையும் இழுத்துக்கொண்டு நாலாவது வீட்டைக் கடந்தது, அஞ்சாவது வீட்டைக் கடந்தது, எங்கள் வாசலுக்கு வந்தது. முதல் ஆள் பனிமேரி அக்காவின் கையைப் பிடித்தார். பனிமேரி அக்கா அக்சிலியாவின் தோளைப் பிடித்தாள். அக்சிலியா ஒரு கையில் திரியும், மறு கையில் என் முந்தானையுமாக நின்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைத் தொட்டவர்களுக்கும் அதே வழி. கை கோத்தால் போதும். என் முந்தானையில் மகள், மகளோடு பனிமேரி அக்கா, அவளோடு தெருவே கோத்து நிற்கிறது. நான் இறங்கி, அடுப்படிக்குள் போனால், அத்தனை வெள்ளைக் கவுனும், அத்தனை எரிகிற திரியும், தாய்மார்களும், உபதேசியாரும், சாளையும் பூண்டும் மணக்கிற எங்கள் அடுப்படியில் ஒருவர்மேல் ஒருவராக விழுவார்கள், விழுந்து, எழுந்து, அதற்கும் பழகிவிடுவார்கள்.

ஸ்டூலில் இருந்து எழுந்தேன். மைக்கைத் தாண்டினேன், கிட்டார் சத்தம் ஸ்பீக்கரில் இருந்து இறங்கிச் சின்னதாக என் வயிற்றுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. வாசித்துக்கொண்டே படியில் காலை வைத்தேன். கால் சுட்டது. மணல். செருப்பு போடவில்லை. இன்னொரு காலை வைத்தேன், அதுவும் சுட்டது. அவ்வளவு நல்ல சூடு.

“ஏட்டி, சேலை மண்ணுல இழுபடுது, தூக்கிச் செருகு” என்றாள் பனிமேரி அக்கா. தூக்கிச் செருக எனக்குக் கை இல்லை.

பாட்டின் ஒவ்வொரு சுற்றிலும் எஃப் வந்தது. ஒவ்வொரு தடவையும் டொக். ஒவ்வொரு டொக்குக்கும் எனக்குக் கால் பின்வாங்கும், மூக்கில் பூண்டு வாசம் அடிக்கிற மாதிரி இருக்கும், பின்னால் கோத்து நிற்கிற தெரு முழுக்க ஒரு குலுக்கல் குலுங்கும். நான் அடுத்த கார்டைப் பிடிப்பேன், கால் மணலில் இருக்கும். உபதேசியார் இப்போது எனக்குப் பக்கத்திலேயே நடந்தார். கையைத் தூக்கினார், தாழ்த்தினார், தூக்கினார். அந்தக் கையை நான் பார்க்கவில்லை. பூவரச மரத்தைப் பார்த்தேன், ஜன்னலில் தெரியாத பக்கம் அது ஒரு கிளை கூடுதலாக விட்டிருந்தது. தெருக்குழாயைப் பார்த்தேன், பெயிண்ட் அடித்திருந்தார்கள். எங்கள் அம்மா வீட்டுக்குத் திரும்புகிற முடுக்கைப் பார்த்தேன். வழியில் வள்ளத்துக்காரர் ஒருத்தர் முட்டங்கால்வரை மடித்த கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு, பாட்டுக்கு நடுவிலேயே, “எஃப் பாடு உண்டா?” என்று கேட்டார். தலையை ஆட்டி இல்லை என்றேன். ஒரே ஒரு சுற்றில், எந்தப் புண்ணியமோ, தங்கூசி நரம்பும் அதற்குப் பக்கத்துக் கம்பியும் எழுந்து ஒலித்தன. மற்ற நாலும் தூங்கின.

கோயில் வாசலில் பாட்டு முடிந்தது. கடைசி சி அடித்து, அது அடங்கும்வரை நின்றேன். இனி வாசிப்பதற்கு ஒன்றும் இல்லை. உள்ளே போக ஒரு எட்டு வைக்க வேண்டும், வெறும் எட்டு, பாட்டில்லாமல். முன்வாசல் எப்படி இருந்ததோ அப்படித்தான் கோயில் வாசலும் இருந்தது. நிலை, படி, உள்ளே இருட்டு. பின்னால் தெரு முழுக்க என் முந்தானையில் தொங்கிக்கொண்டு காத்திருந்தது. அக்சிலியாவின் திரி கட்டைவிரல் அளவுக்கு மிஞ்சியிருந்தது, எரிந்துகொண்டிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, காலை எடுத்து உள்ளே வைத்தேன்.

கண்ணைத் திறக்கவில்லை. மூச்சை மட்டும் மெல்ல இழுத்தேன்.

சாம்பிராணி.

அதை நன்றாக இன்னொரு தடவை இழுத்துக்கொண்டேன். பிறகு அக்சிலியாவின் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்துக்கு நடந்தேன்; பாதி வழியில்தான் அடுப்பில் வைத்த இறைச்சி ஞாபகம் வந்தது. இந்நேரம் தண்ணீர் சுண்டி, சட்டி அடிப்பிடித்து, அடுப்படி முழுக்கப் புகையாக இருக்கும், இறக்கி வைக்க அங்கே ஆள் இல்லை.